தராசு மறைத்த தவறு: பண்ருட்டிப் பக்கத்து ஏழாம் வகுப்பில் ஒரு செயலாராய்ச்சி

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட முந்திரிக்காட்டுப் பகுதியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர், தசம எண்களைக் கற்பிக்கும்போது தமக்கு எழுந்த ஓர் ஐயத்தை ஒரு கல்வியாண்டு முழுவதும் விடாமல் ஆராய்ந்தார். அவருடைய வகுப்பில் அமர்ந்து பார்க்கவும், அவர் எழுதிய நாட்குறிப்பைப் படிக்கவும், முடிவுகளைப் பற்றி அவரோடு வாதிடவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஆய்வு எப்படித் தொடங்கியது, எங்கே தடம் மாறியது, எதைக் கண்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குழந்தைகளின் வீட்டு வேலையைப் பற்றிய செய்திகள் இதில் வருவதால் ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஆசிரியர் தம் வகுப்பறையிலேயே ஆய்வு செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. பி.எட். படித்த எவரும் செயலாராய்ச்சி என்ற தலைப்பில் ஒரு பாடம் படித்திருப்பார்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்கு இது ஒரு முக்கியப் பணி; கடலூர் மாவட்டத்துக்கான நிறுவனம் வடலூரில் இயங்குகிறது. செயலாராய்ச்சி என்ற கருத்தைச் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் முன்வைத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். ஆனால், ஆசிரியரின் பணியை வெளியிலிருந்து பிறர் ஆராய்ந்தால் மட்டும் போதாது, ஆசிரியரே அதை ஆராய வேண்டும் என்று 1975இல் அழுத்தமாக வாதிட்ட லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸின் நிலைதான் இந்த ஆசிரியையின் முயற்சிக்கு மிக அருகில் இருக்கிறது.

இருந்தும், நம் ஊர்களில் செயலாராய்ச்சி அறிக்கை என்றவுடன் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த ஒன்றுதான் கைக்கு வருகிறது. முன்தேர்வின் சராசரி, ஒரு சில வாரங்களுக்கு ஏதோ ஒரு புதிய உத்தி, பின்தேர்வின் சராசரி, இரண்டுக்கும் இடையிலான உயர்வு, கடைசியில் அந்த உத்தி பயனளித்தது என்று ஒரு வரி. இந்த வடிவத்தில் குழந்தை எங்கே தவறியது, ஏன் தவறியது என்பதற்கு இடமே இல்லை. மதிப்பெண் கூடியதா என்று மட்டும் கேட்கும் ஆய்வு, கற்பித்தலை மேம்படுத்துவதற்குத் தேவையான செய்தியையே கைவிட்டுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு இந்த வகுப்பை விடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

ஐயம்

ஆசிரியை முதலில் எழுதிவைத்த தலைப்பு, தசம எண்களில் மாணவர்களின் அடைவை உயர்த்துதல் என்பதாகும். அந்தத் தலைப்போடு தொடங்கியிருந்தால் ஆய்வு வழக்கமான அச்சிலேயே முடிந்திருக்கும். ஆனால் வகுப்பில் ஒரு முரண்பாடு அவரை உறுத்திக்கொண்டிருந்தது. புள்ளிக்கு நேர் புள்ளி வைத்துக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்த பிள்ளைகள், 0.4, 0.36 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால் தயங்காமல் 0.36 என்றார்கள். கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு அளவு தெரியாமல் இருப்பது எப்படி என்பதே அவருடைய உண்மையான கேள்வி. தலைப்பை அடித்துவிட்டு அந்தக் கேள்வியையே எழுதச் சொன்னேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று தோன்றியது.

இந்தத் தவறு இந்த வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. லாரன் ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் குழந்தைகளிடமும் இதே வகைத் தவறுகளைக் கண்டார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் பல ஆண்டுகள் இதையே தொடர்ந்து ஆராய்ந்து, குழந்தைகளின் விடைகளில் இரண்டு பெரிய போக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் அதிகமோ அந்த எண் அத்தனை பெரியது என்று கருதுவது ஒன்று. இலக்கங்கள் குறைவாக இருப்பதே பெரியது என்று கருதுவது மற்றொன்று. முதல் வகைக் குழந்தை புள்ளிக்குப் பின்னால் உள்ளதை இன்னொரு முழு எண்ணாகப் படிக்கிறது. இரண்டாம் வகைக் குழந்தை, ஆயிரத்தில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்ற சரியான செய்தியைப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்தில் பங்குகள் வரை நீளும் எண்ணெல்லாம் சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறது.

இதை அறிந்தபின் ஆசிரியை ஒரு சிறிய வினாத்தாளைத் தயாரித்தார். அதன் நான்கு இணைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: (0.4, 0.36), (0.7, 0.125), (0.62, 0.736), (0.3, 0.48). நீளமானது பெரியது என்று நம்பும் குழந்தை முதல் இரண்டிலும் தவறி, பின் இரண்டிலும் சரியாக விடை எழுதும். குட்டையானது பெரியது என்று நம்பும் குழந்தை முதல் இரண்டிலும் சரி, பின் இரண்டிலும் தவறு. இருவருக்கும் நான்குக்கு இரண்டு மதிப்பெண். ஒரே மதிப்பெண், ஆனால் ஒருவருக்கு நேர் எதிரான புரிதல் மற்றவருக்கு. இவர்களுக்குத் தேவையான பாடமும் ஒன்றல்ல. வினாத்தாளில் 0.3, 0.48 போன்ற இணைகளையே நிரப்பிவிட்டால் முதல் வகைக் குழந்தை முழு மதிப்பெண் வாங்கிப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. எனவே ஆசிரியை மதிப்பெண் பட்டியல் போடவில்லை. ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும் எந்த இணையில் சரி, எந்த இணையில் தவறு என்று வரிசையாகக் குறித்தார். வகுப்பின் பெரும்பகுதி முதல் வகையில் விழுந்தது. ஒரு சிலர் இரண்டாம் வகையில் இருந்தார்கள்.

புள்ளி என்ன சொல்கிறது

மதிய உணவு இடைவேளைகளில் ஆசிரியை பிள்ளைகளை ஓரிருவராக அழைத்து, விடையைத் திருத்தாமல், ஏன் அப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டார். இந்தப் பேச்சுகளே ஆய்வின் மிகச் செழிப்பான பகுதி என்று நான் நினைக்கிறேன். கிரிக்கெட் ஆடும் ஒரு பையன், 15.4 ஓவருக்குப் பிறகு 15.5, அதற்குப் பிறகு 16 என்று விளக்கினான். அவன் சொன்னது கிரிக்கெட்டில் சரிதான். அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஆறு பந்துகளில் எத்தனை என்பதுதான். இன்னொரு பெண் பள்ளி தொடங்கும் நேரமான 9.30 மணியைக் காட்டி, ஒன்பது தனி, முப்பது தனி என்றாள். நாள், மாதம், ஆண்டுக்கு நடுவிலும் நாம் புள்ளிதான் வைக்கிறோம். விலைப்பட்டியலில் 12.50 என்று இருந்தால் பன்னிரண்டு ரூபாய், ஐம்பது காசு என்று இரண்டு முழு எண்களாகவே படிக்கிறோம்.

இவற்றை அடுக்கிப் பார்த்தபோது குழந்தைகளின் விடை அறியாமையிலிருந்து வரவில்லை என்பது விளங்கியது. அவர்கள் பார்த்த உலகத்தில் புள்ளி என்பது இரண்டு முழு எண்களைப் பிரித்து வைக்கும் குறி. அந்த அனுபவத்திலிருந்து பிழையில்லாமல் தர்க்கம் செய்தால் 0.36தான் பெரியது என்ற விடை வரும். காசைக் கொண்டு விளக்கும் பழைய வழியும் இங்கே உதவாது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணய முறைக்கு மாறியபோது கால் ரூபாய் 25 பைசா ஆனது. ஆனால் அந்த 25 பைசா நாணயமே 2011 ஜூன் 30 முதல் செல்லாது. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குப் பின் பிறந்த பிள்ளை. ஒரு ரூபாய்க்குள் நூறு பங்கு இருப்பதை அந்தப் பிள்ளையின் கை அறியவே இல்லை.

முதல் சுற்று: தராசு

திட்டமிடல், செயல்படுதல், உற்றுநோக்கல், சிந்தித்துப் பார்த்தல் என்ற நான்கு படிகள் சுற்றிச் சுற்றி மேலேறுவதாக ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மக்டகார்ட்டும் செயலாராய்ச்சியை வரைந்து காட்டியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இந்தப் படத்தைப் பார்க்கும்போது மிக எளிதாகத் தோன்றும். இங்கே முதல் சுற்று அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இந்தப் பகுதியில் பல குடும்பங்கள் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த பிறகும் இந்தத் தொழில் நிற்கவில்லை. வெளிநாட்டுக் கொட்டையும் இங்கே உடைபடுகிறது. உடைத்த பருப்பை எடைபோட்டுத்தான் கூலி. எனவே மின்னணுத் தராசில் ஒளிரும் எண்களைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். தெரிந்த பொருளிலிருந்து தெரியாததற்குப் போவது என்ற நல்ல கொள்கைப்படி, ஆசிரியை ஒரு தராசைக் கடன் வாங்கி வந்து, கூழாங்கல்லையும் மணலையும் நிறுத்து, எண்களை எழுதவைத்து, ஒப்பிடவைத்தார். வகுப்பு உயிர்பெற்றது. 0.250, 0.125 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு ஒருவர்கூடத் தவறவில்லை. கூலிக்கணக்கு போடத் தெரிந்த பிள்ளைகள் தராசின் முன் தேர்ந்த வணிகர்களைப் போல் நடந்துகொண்டார்கள்.

ஆனால் சில நாள் கழித்து அதே நான்கு இணைகள் தாளில் வந்தபோது பழைய தவறு அப்படியே இருந்தது. ஆசிரியை சோர்ந்துபோகாமல் மறுபடியும் பிள்ளைகளிடமே கேட்டார். ஒரு சிறுமியின் விடையை அவர் நாட்குறிப்பில் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்: “தராசுல எப்பவும் புள்ளிக்கு அப்புறம் மூணு நம்பர் இருக்கும் டீச்சர். தாள்லதான் ஒண்ணுல ஒரு நம்பர், இன்னொண்ணுல ரெண்டு நம்பர் இருக்கு.”

இந்த ஒரு விடையில் ஆய்வின் திசையே மாறியது. கடைத் தராசு அரைக் கிலோவை 0.5 என்று காட்டுவதில்லை, 0.500 என்றே காட்டுகிறது. பெட்ரோல் நிலையத்தின் திரையிலும் விலைப்பட்டியலிலும் எப்போதும் இரண்டு இலக்கங்கள். இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும் வரை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கும் குழந்தை ஒருபோதும் தவறாது. 250 என்பது 125ஐ விடப் பெரியது, அவ்வளவுதான். தராசு அந்தத் தவறான புரிதலைத் திருத்தவில்லை, அதற்கு நாள்தோறும் சரி என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தது. உள்ளூர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு தந்தால் கற்றல் எளிதாகும் என்று நாம் எல்லாப் பயிற்சிகளிலும் சொல்கிறோம். எடுத்துக்காட்டு உள்ளூரைச் சேர்ந்ததா என்பதோடு, அது குழந்தையின் புரிதலைச் சோதிக்கிறதா, அதற்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த ஆய்வாளருக்கும் இது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தினமும் அதே பிள்ளைகளோடு இருந்து, விடை தவறியபோதும் கோபிக்காமல் கேட்கும் ஒருவருக்குத்தான் அந்தச் சிறுமி இப்படிச் சொல்லியிருப்பாள்.

இங்கே ஓர் அறநெறிச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். எடையைப் பற்றிப் பேசியபோது, எந்தப் பிள்ளை வீட்டில் கொட்டை உடைக்கிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது என்பதெல்லாம் தானாகவே வெளிவந்தது. கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கைகளைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியை இந்தச் செய்திகளை ஆய்வுக் குறிப்பில் சேர்க்கவில்லை. பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் தனியாகப் பேசினார். நம்பிக்கையில் சொன்னதை ஆய்வுத் தரவாக மாற்ற எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை என்ற அவருடைய முடிவு முற்றிலும் சரியானது.

இரண்டாம் சுற்று: நீளம்

தலைமையாசிரியரின் இசைவோடு ஆசிரியை சில பாடவேளைகளைத் தம் கைபேசியில் ஒலிப்பதிவு செய்தார். தமிழாசிரியை ஒருவரும் வந்து அமர்ந்து கேட்டார். பதிவில் இரண்டு செய்திகள் தெரிந்தன. வகுப்பு முழுவதும் 0.36 என்பது ‘புள்ளி முப்பத்தாறு’ என்றே ஒலித்தது. கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியையும் அப்படியே படித்தார். முழு எண்ணாகப் படிக்கும் பழக்கத்துக்கு அதுவும் உரம் போட்டது. மற்றொன்று, கேள்வி கேட்டபின் அவர் காத்திருந்த நேரம். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே குழந்தைகளின் விடைகள் நீண்டு காரணங்களோடு வருகின்றன என்றும் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இந்த வகுப்பும் அந்த ஒரு வினாடிக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ‘புள்ளி மூன்று ஆறு’ என்று படிப்பதும், கேட்டபின் காத்திருப்பதும் வகுப்பின் வழக்கமாயின.

இரண்டாம் சுற்றுக்கு எடையை விட்டுவிட்டு நீளத்தை எடுத்துக்கொண்டார். சார்ட் அட்டையில் ஒரு மீட்டர் நீளப் பட்டை, அதில் பத்தில் ஒரு பங்கான பத்து சென்டிமீட்டர் துண்டுகள், நூறில் ஒரு பங்கான ஒரு சென்டிமீட்டர் துண்டுகள். 0.4 என்றால் பெரிய துண்டு நான்கு. 0.36 என்றால் பெரிய துண்டு மூன்று, சிறிய துண்டு ஆறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எது நீளம் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். ஆறு சிறு துண்டுகள் சேர்ந்தும் ஒரு பெரிய துண்டின் இடத்தை நிரப்பவில்லை என்பதை முதன்முதலாகப் பார்த்தபோது பிள்ளைகளிடையே எழுந்த சலசலப்பை நான் நேரில் கேட்டேன்.

இந்தக் கட்டத்தில் பள்ளிக்குள்ளேயே ஒரு வாதம் எழுந்தது. புள்ளிக்குப் பின் பூஜ்யங்களைச் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடு என்று ஒரு விதியைச் சொல்லிவிட்டால் ஒரே நாளில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்களே என்று மற்றொரு கணித ஆசிரியர் கேட்டார். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு நேரம் குறைவு என்பதும் அவருடைய வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த உதவித்தொகை இந்தக் குடும்பங்களுக்குப் பெரிது. ஆனால் பூஜ்யம் சேர்க்கும் விதி செய்வது தராசு செய்த அதே வேலைதான். எண்களை மீண்டும் சம நீளமாக்கி, முழு எண்ணாகப் படிக்க வழிவிடுகிறது. அந்த விதியை மட்டும் கற்ற பிள்ளையிடம் 0.3க்கும் 0.4க்கும் நடுவில் ஓர் எண் சொல் என்று கேட்டால், நடுவில் எதுவும் இல்லை என்ற விடைதான் வரும். இந்தக் கேள்வியை அந்த ஆசிரியர் தம் எட்டாம் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தார், பலர் அப்படியே சொன்னார்கள். விதியைத் தள்ளிவிட வேண்டாம், துண்டுகளோடு வேலை செய்து முடித்தபின் கற்பிக்கலாம் என்று இருவரும் உடன்பட்டார்கள்.

இடம் மாறிய தவறு

மறுபடியும் வினாத்தாள் வந்தபோது முதல் வகையினரில் பெரும்பாலோர் நான்கு இணைகளையும் சரியாக எழுதியிருந்தார்கள். வழக்கமான அறிக்கை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆசிரியை வரிசையைப் பார்த்தார். முன்பு நீளமானதே பெரியது என்று எழுதிய ஒரு சிறுவன், இப்போது 0.62, 0.736 இணையில் 0.62 பெரியது என்று எழுதியிருந்தான். மற்ற இணைகளிலும் குட்டையானதையே தேர்ந்திருந்தான். முன்பு நான்குக்கு இரண்டு, இப்போதும் நான்குக்கு இரண்டு. மதிப்பெண்ணைப் பார்த்தால் அவன் ஒன்றுமே கற்கவில்லை. உண்மையில் அவன் நிறையக் கற்றிருந்தான். பங்கு சிறியதானால் எண்ணும் சிறியதாகும் என்ற புதிய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பங்குகள் எத்தனை என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தான்.

காரணமும் கிடைத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிமீட்டரை அட்டையில் வெட்ட முடியாது; அளவுகோலின் மிகச் சிறிய கோட்டைக் காட்டித்தான் ஆசிரியை விளக்கியிருந்தார். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அந்த ஒற்றைக் கோடுதான் அவன் மனத்தில் ஆயிரத்தில் பங்கு என்றால் என்ன என்பதாக நின்றது. 736 கோடுகள் சேர்ந்தால் மீட்டரில் முக்கால் பாகத்தை நெருங்கும் என்பதை அவன் எங்கும் பார்க்கவில்லை. எனவே 0.62 மீட்டரையும் 0.736 மீட்டரையும் ஒரே சுவரில் நூல் கட்டி அளந்து ஒட்டவைத்து, எத்தனை பங்கு, எவ்வளவு பெரிய பங்கு என்ற இரண்டு கேள்விகளையும் எப்போதும் சேர்த்தே கேட்கும் பழக்கத்தை வகுப்பில் கொண்டுவந்தார். இது சிறுவனுக்கும், தொடக்கத்திலிருந்தே இரண்டாம் வகையில் இருந்த சிலருக்கும் உதவியது. எல்லோருக்கும் அல்ல, இருவரிடம் அந்தப் போக்கு ஆண்டு இறுதியிலும் அவ்வப்போது தலைகாட்டியது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியை இந்த வினாத்தாளை மற்றவர்களுக்கும் கொடுத்தார். ஆங்கில வழிப் பிரிவில் கற்பிக்கும் ஒருவர், தம் பிள்ளைகள் இலக்கங்களைத் தனித்தனியாகவே படித்தும் நீளமானதே பெரியது என்ற விடை வந்ததாகச் சொன்னார். ஆகவே படிக்கும் முறையே தவறுக்கு முழுக் காரணம் என்று சொல்ல முடியாது என்ற முடிவை ஆசிரியை தம் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். ஒரு வகுப்பில் நடந்ததை எல்லா வகுப்புக்கும் பொருத்த முடியாது என்பதும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதும் இந்த ஆய்வின் எல்லைகள். அடுத்த ஆண்டு இதே பாடத்தை எப்படித் தொடங்குவது என்று தீர்மானிக்க வேண்டிய ஓர் ஆசிரியருக்கு இந்தச் சான்று போதுமானது.

அறிக்கைப் படிவத்தில் சராசரிக்கான கட்டங்களை நிரப்பிய ஆசிரியை, ஒவ்வொரு குழந்தையின் விடை வரிசையையும் பெயர் நீக்கி இணைப்பாகச் சேர்த்தார். அந்த இணைப்புதான் அறிக்கையின் உயிர். படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் நான் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அடுத்த ஜூன் மாதம் ஆறாம் வகுப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இந்த நான்கு இணைகளைக் கொடுப்பது என்றும், தராசை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளி, 0.500, 0.5 இரண்டும் ஒன்றா என்ற கேள்வியோடு அதைக் கொண்டுவருவது என்றும் ஆசிரியை முடிவு செய்திருக்கிறார். 8ஐ 0.5ஆல் பெருக்கினால் விடை ஏன் 8ஐ விடக் குறைகிறது என்று அந்தக் கிரிக்கெட் பையன் ஆண்டின் கடைசி வாரத்தில் கேட்ட கேள்வி அவருடைய அடுத்த ஆய்வுக்குத் தலைப்பாகியிருக்கிறது.